நீள முதுகு நாய்களும் டிஸ்க் நோயும்: ஓர் எளிய விளக்கம்

டாஷ்ஹண்ட் குட்டி ஒன்றை வாங்கியவருக்கு முதல் நாளிலிருந்தே அறிவுரைகள் வந்துகொண்டிருக்கும். சோபாவில் ஏறவிடாதே, படிக்கட்டை மறித்துவிடு, அதிக தூரம் நடத்தாதே, முதுகு நீளமானது, எப்போது வேண்டுமானாலும் போய்விடும் என்பார்கள். இவற்றுள் சில சரியானவை, சில பாதி சரியானவை, சில நேர்மாறான பலனைத் தரக்கூடியவை. எது எந்த வகை என்று பிரித்தறிய வேண்டுமானால், அந்த முதுகுக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். மருத்துவப் படிப்பு இல்லாதவர்களும் புரிந்துகொள்ளக்கூடிய அளவில் அதை விளக்கி, அதிலிருந்து அன்றாடப் பராமரிப்புக்கு வருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இங்கே பெரும்பாலும் டாஷ்ஹண்டைப் பற்றியே பேசினாலும், கார்கி, பாசெட் ஹவுண்ட், பெக்கினீஸ், ஷிட்சு, பீகிள், பிரெஞ்சு புல்டாக் ஆகிய இனங்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். பட்டியலில் பீகிளும் பிரெஞ்சு புல்டாக்கும் எப்படி வந்தன, அவற்றுக்கு நீள முதுகே இல்லையே என்ற கேள்வி எழுந்தால் நல்லது; விஷயத்தின் மையமே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

முதுகெலும்பின் அமைப்பு

நாயின் முதுகெலும்பு முள்ளெலும்புகள் எனப்படும் சிறு எலும்புகள் வரிசையாக அமைந்த ஒரு தொடர். கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 13, அதற்குப் பின்னுள்ள இடுப்புப் பகுதியில் 7, அதன் பின் ஒன்றாக ஒட்டிய 3, பிறகு வால் எலும்புகள். மிகப் பெரிய கிரேட் டேன் நாய்க்கும் மிகச் சிறிய டாஷ்ஹண்டுக்கும் கழுத்திலிருந்து இடுப்பு வரை இந்த எண்ணிக்கை ஒன்றுதான். டாஷ்ஹண்டின் முதுகில் கூடுதல் எலும்பு எதுவும் இல்லை. கால்கள் குட்டையாகிவிட்டதால் முதுகு நீளமாகத் தெரிகிறது.

இந்த எலும்புகளுக்கு நடுவே ஒரு கால்வாய் ஓடுகிறது. அதற்குள் இருப்பது தண்டுவடம், அதாவது மூளையிலிருந்து உடலுக்குச் செல்லும் நரம்புக் கற்றை. கால்களை அசைக்கும் கட்டளையும், கால்களிலிருந்து திரும்பி வரும் உணர்வும், சிறுநீர்ப்பையின் கட்டுப்பாடும் இதன் வழியாகத்தான் போகின்றன. கால்வாய்க்குள் இடம் மிகக் குறைவு. சிறிதளவு பொருள் உள்ளே புகுந்தாலும் தண்டுவடம் நசுங்கும்.

ஒரு முள்ளெலும்புக்கும் அடுத்ததற்கும் இடையே, தண்டுவடத்திற்கு நேர் கீழே, மெத்தைபோல அமைந்திருப்பதுதான் டிஸ்க். இதை ஒரு மிதிவண்டிச் சக்கரத்தின் டயராகவும் டியூபாகவும் நினைத்துக்கொள்ளலாம். வெளியே, பல அடுக்கு நார்களால் ஆன உறுதியான வளையம். இதை நார்வளையம் என்போம், இதுதான் டயர். உள்ளே, நிறைய நீரைப் பிடித்து வைத்திருக்கும் கூழ் போன்ற உட்கரு; இதுதான் காற்றடைத்த டியூப். சக்கரத்தின் மேல் எடை விழும்போது உள்ளே இருக்கும் காற்று அதை எல்லாப் பக்கமும் சமமாகப் பகிர்ந்துவிடுவதால் டயரின் எந்த ஓர் இடமும் தனியாகத் துன்பப்படுவதில்லை. நல்ல நிலையில் உள்ள டிஸ்க்கும் அப்படியே வேலை செய்கிறது.

நாய் நான்கு காலில் நிற்பதால் அதன் முதுகெலும்பின்மேல் அழுத்தமே இல்லை என்று சிலர் எண்ணுவதுண்டு. முதுகை ஒட்டி ஓடும் தசைகளும் தசைநார்களும் எலும்புத் தொடரை நீளவாக்கில் இழுத்துப் பிடித்திருப்பதால், படுத்திருக்கும்போதுகூட டிஸ்க்குகள் ஓரளவு அழுத்தத்தில்தான் இருக்கின்றன. மேலும், வளர்ந்த நாயின் டிஸ்க்குக்குள் இரத்தக்குழாய்கள் நுழைவதில்லை. அருகிலுள்ள எலும்பிலிருந்து ஊறி வரும் சத்துதான் அதற்கு உணவு. அசையும்போது டிஸ்க் சற்றே அழுந்தி மீள்வதும் இந்த ஊறலுக்குத் துணைசெய்கிறது. உடற்பயிற்சியைப் பற்றிப் பேசும்போது இது உதவும்.

இந்த இனங்களில் மட்டும் ஏன்?

எல்லா நாய்களின் டிஸ்க்கும் முதுமையில் உலரும். சில இனங்களில் மட்டும் அந்த உலர்தல் குட்டிப் பருவத்திலேயே தொடங்கிவிடுகிறது. உட்கருவின் கூழ் மெல்ல மெல்லக் குருத்தெலும்பு போன்ற கெட்டிப் பொருளாக மாறுகிறது. முதல் பிறந்தநாளுக்குள் பெரும்பாலான டிஸ்க்குகளில் இந்த மாற்றம் நடந்து முடிந்திருக்கும். அதன்பின் சிலவற்றில் கால்சியம் படிந்து, எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும் அளவுக்கு இறுகிவிடுகிறது. டியூபில் காற்று போய் மணல் நிரம்பிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது எடை எல்லாப் பக்கமும் பரவாது. டயரின் ஏதோ ஓரிடத்தில் குவிந்து, அந்த இடத்து நார்களை ஒவ்வொன்றாக அறுக்கத் தொடங்கும்.

இதற்குக் காரணம் மரபணு. எலும்பு வளர்ச்சியில் பங்குவகிக்கும் எஃப்.ஜி.எஃப்.4 என்ற மரபணுவின் நகல் ஒன்று, நாய்களின் பரிணாமத்தில் எப்போதோ 18ஆம் குரோமோசோமில் போய் ஒட்டிக்கொண்டது. கால்கள் குட்டையாவதற்கு அது காரணம் என்று 2009இல் கண்டறியப்பட்டது. அதே மரபணுவின் இன்னொரு நகல் 12ஆம் குரோமோசோமில் இருப்பதும், அதுவும் கால்களைக் குறைப்பதோடு டிஸ்க்குகளையும் சிறுவயதிலேயே முதுமையடையச் செய்வதும் 2017இல் தெரியவந்தன. டாஷ்ஹண்டிலும் பாசெட்டிலும் இரண்டு நகல்களும் உள்ளன. கெய்ர்ன் டெரியருக்கும் வெஸ்ட் ஹைலேண்ட் டெரியருக்கும் முதல் நகல் மட்டும் உண்டு. கால்கள் குட்டைதான், ஆனால் டிஸ்க் தொல்லைக்குப் பேர்போன இனங்கள் அல்ல. பீகிளுக்கும் பிரெஞ்சு புல்டாக்குக்கும் இரண்டாவது நகல் உண்டு; முதுகு நீளமாகத் தெரியாவிட்டாலும் டிஸ்க் நோய் வருகிறது.

ஆகவே நீளம் மூலகாரணம் அன்று. உடல் அமைப்புக்குப் பங்கே இல்லை என்றும் இதைக் கொள்ளக்கூடாது. உயரத்தோடு ஒப்பிடுகையில் முதுகு நீளம் கூடக்கூட, டிஸ்க் பிதுங்கும் வாய்ப்பும் கூடுவதாக 2013இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கெட்டியான டிஸ்க் இருக்கும் உடலில், மிகைப்பட்ட நீளம் அதன் சுமையைக் கூட்டுகிறது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: டிஸ்க் என்பது இரண்டு எலும்புகளுக்கு நடுவேயுள்ள மெத்தை, சில இனங்களில் அதன் உட்கரு பிறவிக் காரணத்தால் ஓராண்டுக்குள் கெட்டியாகிவிடுகிறது, கெட்டியான உட்கரு, சுமையைப் பகிரும் வேலையைச் செய்ய முடியாமல் நார்வளையத்தைச் சிதைக்கிறது.

டிஸ்க் பிதுங்குவது எப்படி?

நார்வளையம் எல்லாப் பக்கமும் ஒரே தடிமனாக இல்லை. வயிற்றை நோக்கிய பக்கம் தடித்தும், தண்டுவடத்தை நோக்கிய மேல்பக்கம் மெலிந்தும் இருக்கிறது. எனவே வளையம் கிழியும்போது, கிழியவே கூடாத பக்கமாகத்தான் பெரும்பாலும் கிழிகிறது; உள்ளே கெட்டியாகிக் கிடந்த பொருள் வேகமாக மேலே பாய்ந்து தண்டுவடத்தை மோதி நசுக்குகிறது. மோதலால் ஒரு காயம், தொடர்ந்த அழுத்தத்தால் இன்னொரு காயம் என்று இரண்டு கேடுகள் சேர்ந்தே நிகழ்கின்றன.

சுவீடனைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் ஹான்சன் 1952இல் டிஸ்க் நோயை இரண்டாக வகைப்படுத்தினார். நார்வளையம் கிழிந்து உட்கரு வெளியே பாய்வது முதல் வகை. வளையம் கிழியாமலே மெல்லத் தடித்துப் புடைத்துக்கொண்டு வருவது இரண்டாம் வகை. இது பொதுவாக வயதான பெரிய நாய்களுக்கு வருவது. நாம் பேசும் இனங்களை வாட்டுவது முதல் வகை. டாஷ்ஹண்டுகளில் 3 முதல் 7 வயதுக்குள் இது அதிகம் நிகழ்கிறது. அந்த இனத்தில் ஏறத்தாழ நான்கு அல்லது ஐந்து நாய்களுக்கு ஒன்று வாழ்நாளில் எப்போதாவது இதன் அறிகுறியைக் காட்டுகிறது.

முதுகில் எல்லா இடமும் சமமாகப் பாதிக்கப்படுவதும் இல்லை. மார்புப் பகுதியின் பெரும்பாலான டிஸ்க்குகளுக்கு மேலே, இடப்புற வலப்புற விலா எலும்புகளின் தலைகளை இணைக்கும் ஒரு குறுக்குத் தசைநார் அரண்போல இருப்பதால் அங்கே பிதுங்கல் அரிது. விலாக்கூடு முடிந்து இடுப்பு தொடங்கும் இடத்தில் அந்தத் தசைநார் இல்லை. உறுதியான பகுதியும் நன்கு வளையும் பகுதியும் சந்திக்கும் இடமும் அதுவே. பெரும்பாலான முதுகுப் பிதுங்கல்கள் அங்குதான் நேர்கின்றன. அடுத்தபடியாகப் பாதிக்கப்படுவது கழுத்து.

குதித்ததுதான் காரணமா?

"சோபாவிலிருந்து குதித்தான், அப்படியே கால் போய்விட்டது" என்று சொல்பவர்கள் ஏராளம். அவர்கள் கண்டது பொய்யன்று. ஆனால் அதே நாய் அதே சோபாவிலிருந்து அதற்கு முன் நூற்றுக்கணக்கான முறை குதித்திருக்கும். உள்ளே மணல் நிரம்பி, பல மாதங்களாக நார்கள் அறுந்துகொண்டிருந்த டயர் ஒருநாள் ஒரு கல்லின்மேல் ஏறியதும் கிழிகிறது. கல்லை மட்டும் குற்றம் சொல்வதால் அடுத்த டயர் பிழைத்துவிடாது. எந்தக் குதிப்பும் இல்லாமல், தூங்கி எழும்போதே நடக்க முடியாமல் போன நாய்களும் நிறைய உண்டு.

டென்மார்க்கில் டாஷ்ஹண்டுகளை எக்ஸ்ரே எடுத்து 2000இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், படிக்கட்டு ஏறி இறங்கும் நாய்களுக்குக் கால்சியம் படிந்த டிஸ்க்குகள் கூடுதலாக இல்லை, குறைவாகவே இருந்தன. பிரிட்டனில் வளர்ப்பவர்களிடம் நடத்தப்பட்ட பெரிய கணக்கெடுப்பிலும், நாளுக்கு அரைமணி நேரத்திற்கும் குறைவாக நடக்கும் டாஷ்ஹண்டுகளைவிட, ஒரு மணி நேரத்திற்கு மேல் நடப்பவற்றில் டிஸ்க் நோய் குறைவாகக் காணப்பட்டது. இத்தகைய கணக்கெடுப்புகளை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். ஏற்கனவே முதுகுவலி கண்ட நாயை வீட்டார் குறைவாக நடத்தியிருக்கலாம் அல்லவா? ஆயினும் "அசையாமல் வைத்திருந்தால் தப்பிக்கும்" என்ற கருத்துக்கு இவற்றில் எந்த ஆதரவும் இல்லை.

என் கணிப்பில், பொத்திப் பொத்தி வளர்ப்பதே இந்த நாய்களுக்குப் பலர் அறியாமல் செய்யும் கெடுதல். அசைவு குறைந்த நாய் எடை போடுகிறது, தசை இழக்கிறது. பிறகு என்றோ ஒருநாள் கதவு மணி கேட்டதும் துள்ளிப் பாயும்போது அந்தத் திடீர்ச் சுமையைத் தாங்க உடலில் எதுவும் இருப்பதில்லை. உயரமான இடத்திலிருந்து தினமும் பலமுறை குதிப்பதைக் குறைப்பது நியாயம். அதற்காக நாயின் வாழ்க்கையையே குறைக்கத் தேவையில்லை.

எடை: வீட்டிலேயே மாற்றக்கூடியது

மரபணுவை மாற்ற முடியாது. உடல் எடையை மாற்றலாம். 5 கிலோ இருக்க வேண்டிய நாய் ஐந்தரை கிலோ இருந்தால், கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத அந்த அரை கிலோ அதன் உடலில் பத்தில் ஒரு பங்கு. 70 கிலோ மனிதர் ஏழு கிலோ மூட்டையை இறக்காமல் சுமந்து திரிவதற்குச் சமம். எடை மிகுந்த நாய்களில் டிஸ்க் பிதுங்கும் வாய்ப்பு கூடுகிறது. நோய் வந்த பிறகு தூக்குவதும் நடக்கவைப்பதும் கடினமாகிறது.

தராசைவிடக் கை நம்பகமானது. விலாவின்மேல் உள்ளங்கையை வைத்து, அழுத்தாமல் தடவினால் எலும்புகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் விலாவுக்குப் பின் இடை குறுக வேண்டும். பக்கத்திலிருந்து பார்த்தால் வயிறு பின்னோக்கி மேலேற வேண்டும். கால்நடை மருத்துவர்கள் இதை 1 முதல் 9 வரையுள்ள உடல்நிலை மதிப்பெண்ணாகக் கூறுவார்கள். 4 அல்லது 5 நல்லது, அதற்கு மேல் ஒவ்வொரு புள்ளியும் ஏறத்தாழ பத்து விழுக்காடு கூடுதல் எடையைக் குறிக்கும்.

சிறு நாய்க்குத் தேவைப்படும் உணவு எவ்வளவு குறைவு என்பதைப் பலர் உணர்வதில்லை. 5 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்யப்பட்ட, ஓரளவு ஓடியாடும் நாய்க்கு நாளுக்கு ஏறத்தாழ 330 முதல் 375 கிலோகலோரி போதும். தின்பண்டங்கள் இதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது வழக்கமான விதி. அதாவது 35 கிலோகலோரிக்கு உள்ளே. வீட்டில் நான்கு பேர் ஆளுக்கொரு பிஸ்கட் கொடுத்தால் அந்தக் கணக்கு காலையிலேயே முடிந்துவிடும். நாளைக்கான உணவைக் காலையில் எடைபோட்டு ஒரு டப்பாவில் வைத்து, பயிற்சிக்கான பரிசு உட்பட எல்லாவற்றையும் அதிலிருந்தே எடுத்துக் கொடுப்பது எளிய தீர்வு.

தசையும் பயிற்சியும்

டிஸ்க் கெட்டியாவதைத் தசையால் தடுக்க முடியாது. ஆனால் முதுகெலும்பை ஒட்டியுள்ள சிறு தசைகளும், வயிற்றுச் சுவரும், தொடைகளும் வலுவாக இருந்தால், ஒவ்வோர் அசைவிலும் எலும்புகள் கட்டுப்பாட்டோடு நகரும். டிஸ்க்கின்மேல் விழும் திருகலும் வெட்டிழுப்பும் குறையும். இந்த வலு வாரம் ஒருநாள் களைக்கக் களைக்க ஓடவிடுவதால் வருவதில்லை, நாள்தோறும் சீராக நடப்பதால் வருகிறது. ஐந்து நாள் வீட்டில் முடங்கிவிட்டு விடுமுறையில் இரண்டு மணி நேரம் ஓடுவது, பயிற்சியற்ற உடலுக்கு அளவு மீறிய சுமை.

நலமான வளர்ந்த நாய்க்கு நாளில் இரண்டு வேளையாகப் பிரித்து மொத்தம் ஒரு மணி நேர நடை நல்ல இலக்கு. அந்த அளவுக்குப் பழகாத நாயை வாரத்திற்குப் பத்தில் ஒரு பங்கு என்று மெதுவாக உயர்த்த வேண்டும். முதல் ஐந்து நிமிடம் மெல்ல நடக்கவிட்டு உடல் சூடான பிறகே ஓட்டமும் விளையாட்டும். புல், மண், லேசான மேடு பள்ளம் என்று தரை மாறிக்கொண்டே இருப்பது, ஒரே மாதிரியான சமதளத்தைவிட அதிகத் தசைகளுக்கு வேலை தரும். குட்டிகளுக்கு நீண்ட கட்டாய நடை தேவையில்லை. தானாக விளையாடி, தானாக ஓய்வெடுக்கும் வாய்ப்பே அவற்றுக்குச் சிறந்த பயிற்சி.

நடையோடு சில எளிய பயிற்சிகளைச் சேர்க்கலாம். உட்காரவைத்து, முன்னே சரியாமல் நேராக எழச்செய்வது பின்னங்கால்களையும் இடுப்பையும் வலுப்படுத்தும். ஐந்து முறை செய்தால் தொடக்கத்திற்குப் போதும். முன்னங்கால்களை மட்டும் தாழ்வான ஒரு பலகைமேல் ஏற்றிப் பத்து விநாடி நிற்கவைத்தால் எடை பின்னால் நகரும். தரையில் நான்கைந்து குச்சிகளை ஓர் உடல் நீள இடைவெளியில் பரப்பி, அவற்றைத் தாண்டி மெதுவாக நடக்கச்செய்வது எல்லாவற்றிலும் பயனுள்ளது என்பேன். ஒவ்வொரு காலையும் எங்கே வைக்கிறோம் என்று நாய் கவனிக்க வேண்டியிருப்பதால் தசையோடு சேர்த்து ஒருங்கிணைப்பும் வளர்கிறது. குச்சிகள் கணுக்கால் உயரத்தைத் தாண்ட வேண்டாம், தாவுவது நோக்கமில்லை. மெத்தென்ற விரிப்பின்மேல் நிற்பது, சில அடிகள் பின்னோக்கி நடப்பது, அகன்ற எட்டு வடிவில் சுற்றி வருவது ஆகியவையும் நல்லவை. முதுகு தொய்வது, கால் நடுங்குவது, நகம் தரையில் உரசுவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அன்றைய பயிற்சியை நிறுத்திவிட வேண்டும்.

நீச்சல் மூட்டுகளுக்கு இதமானது. ஆனால் பழகாத குட்டைக்கால் நாய்கள் பயத்தில் தலையை உயர்த்தி முதுகைப் பின்னுக்கு வளைத்து நீந்தும். வயிற்றைத் தாங்கும் மிதவைச் சட்டை அணிவித்து, கையால் பிடித்தபடி தொடங்குவது நல்லது.

குறைக்க வேண்டியவையும் சில உண்டு. பந்தை மீண்டும் மீண்டும் எறிந்து, முழுவேகத்தில் ஓடி வந்து சடாரென்று நின்று திரும்பச் செய்வது, வானத்தில் பறக்கும் தட்டைத் துள்ளிப் பிடிக்கவைப்பது, கயிறு இழுக்கும் விளையாட்டில் தலையை மேலே வெட்டி இழுப்பது. கயிறு விளையாட்டையே நிறுத்த வேண்டியதில்லை. கயிற்றை நாயின் முதுகு மட்டத்திலேயே தாழ்வாகப் பிடித்து, நாயையே இழுக்கவிட்டால் போதும்.

சுருங்கச் சொன்னால், சீரான நடை, மெதுவான ஒருங்கிணைப்புப் பயிற்சி இரண்டும் வேண்டும். வேகமும் திருகலும் துள்ளலும் ஒன்றுசேரும் அசைவுகளைக் குறைக்க வேண்டும்.

வீட்டுக்குள் சில ஏற்பாடுகள்

தூக்கும்போது ஒரு கை முன்னங்கால்களுக்கு நடுவே மார்பின் அடியிலும், மறு கை பின்பகுதியின் அடியிலும் இருக்க வேண்டும். முதுகு தரைக்கு இணையாக இருக்க வேண்டும். அக்குளில் கைகொடுத்துக் குழந்தையைப்போலத் தூக்கினால் உடலின் பின்பாதி முழுவதும் தொங்கும். இறக்கும்போது நான்கு பாதங்களும் தரையில் படிந்த பிறகே கையை எடுக்க வேண்டும், கடைசி ஒரு சாணில் அது தானே குதிக்க விடக்கூடாது.

சோபாவுக்கோ கட்டிலுக்கோ சாய்தளம் வைப்பதானால் அது நீளமாக இருக்கட்டும். 40 சென்டிமீட்டர் உயரத்திற்கு ஒன்றரை மீட்டர் நீளம் இருந்தால் சரிவு மென்மையாக இருக்கும். செங்குத்தான குட்டைச் சாய்தளத்தை நாய்கள் பாதியிலேயே தாண்டிக் குதித்துவிடுகின்றன. வழவழப்பான தரையில் கால்கள் விரிந்து வழுக்குவது, குதிப்பதைப்போலவே முதுகைத் திருகும். நாய் அடிக்கடி ஓடும் பாதையில் வழுக்காத விரிப்பு போடுவதும், நகங்களைக் குட்டையாக வைப்பதும், விரலிடை முடியை வெட்டுவதும் செலவில்லாத காப்புகள். கயிற்றை இழுத்துக்கொண்டு நடக்கும் நாய்க்குக் கழுத்துப் பட்டையைவிட மார்புப் பட்டை ஏற்றது; கழுத்திலும் டிஸ்க்குகள் உண்டு.

கருத்தடை அறுவை பற்றியும் ஒரு சொல். 12 மாதத்திற்கு முன் கருத்தடை செய்யப்பட்ட டாஷ்ஹண்டுகளில் டிஸ்க் நோய் கூடுதலாகக் காணப்பட்டதாக 2018இல் ஓர் ஆய்வு வெளியானது. எப்போது செய்வது என்பதை இதையும் கருத்தில்கொண்டு மருத்துவரோடு பேசி முடிவு செய்யலாம்.

அறிகுறிகளும் அவசரமும்

முதல் அறிகுறி பெரும்பாலும் முடக்கம் அன்று, வலி. நாய் நடுங்கும், மூலையில் ஒதுங்கும், வழக்கமாக ஏறும் இடத்தில் தயங்கும், முதுகைக் கூனும், தூக்கினால் கத்தும். வயிறு இறுகிப்போவதால் வயிற்றுவலி என்று தவறாக எண்ணிவிடுவதும் உண்டு. கழுத்து டிஸ்க் என்றால் தலையைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, தலையைத் திருப்பாமல் கண்களை மட்டும் உருட்டிப் பார்க்கும்.

வலியை அடுத்த படி, பின்னங்கால்களின் தள்ளாட்டம். நடக்கும்போது கால்கள் ஒன்றையொன்று குறுக்கிடும், நகங்கள் தேயும். பாதத்தை மடக்கி, அதன் மேற்பக்கம் தரையில் படும்படி மெல்ல வைத்தால், நலமான நாய் உடனே நிமிர்த்திக்கொள்ளும். தாமதித்தாலோ அப்படியே விட்டாலோ நரம்புச் செய்தி தடைபட்டிருக்கிறது என்று பொருள். அதற்கும் அடுத்த படி, எழுந்து நடக்கவே இயலாமை. பிறகு கால் அசைவே இல்லாமை. கடைசிப் படி, ஆழ்வலி உணர்வு போய்விடுதல். ஆழ்வலி உணர்வு என்பது விரலெலும்பை அழுத்தும்போது மூளைக்கு எட்டும் வலி. இதில் ஒரு பெரிய தவறான புரிதல் உண்டு: விரலை அழுத்தியதும் நாய் காலை இழுத்துக்கொண்டால் உணர்வு இருப்பதாக நினைத்துவிடுகிறார்கள். காலை இழுப்பது தண்டுவடத்தின் கீழ்ப்பகுதி தானாகச் செய்யும் அனிச்சைச் செயல். நாய் திரும்பிப் பார்ப்பதோ, கத்துவதோ, கடிக்க வருவதோதான் உணர்வுக்குச் சான்று. அந்தச் சோதனையை மருத்துவரிடம் விட்டுவிடுவதே நல்லது.

வலி மட்டும் இருந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். தள்ளாட்டமோ முடக்கமோ இருந்தால் மணிக்கணக்கில்கூடக் காத்திருக்கக்கூடாது. சில நாய்கள் ஒரே இரவில் முதல் படியிலிருந்து கடைசிப் படிக்குச் சென்றுவிடுகின்றன. அழைத்துச் செல்லும்போது பெட்டியிலோ உறுதியான பலகையிலோ கிடத்தி, முதுகு அசையாமல் கொண்டுசெல்ல வேண்டும். மனிதர்களுக்கான வலி மாத்திரைகளைக் கொடுக்கவே கூடாது. அவற்றுள் பல நாய்களுக்கு நஞ்சு. முன்பு கொடுத்து மீதமிருக்கும் நாய் மருந்தும் வேண்டாம், ஸ்டீராய்டும் சாதாரண வலிநிவாரணியும் ஒன்றுசேர்ந்தால் இரைப்பையில் புண் உண்டாக்கும்.

வயதான கார்கி ஒன்று வலியே இல்லாமல், மாதக்கணக்கில் மெல்ல மெல்லப் பின்னங்கால் தளர்ந்தால் அது தண்டுவடமே தேயும் வேறொரு நோயாக இருக்கக்கூடும். டிஸ்க் நோயில் வலி உண்டு, வேகமும் உண்டு.

ஓய்வா, அறுவையா?

வலியோ லேசான தள்ளாட்டமோ மட்டும் இருக்கும் நாய்களில் பல, மருந்தோடும் கண்டிப்பான ஓய்வோடும் தேறிவிடுகின்றன. கண்டிப்பான ஓய்வு என்றால் எழுந்து நிற்கவும் திரும்பவும் படுக்கவும் மட்டும் இடமுள்ள கூண்டில் குறைந்தது 4 வாரம். சிறுநீர் மலம் கழிக்கக் கயிறு கட்டி வெளியே கொண்டுவந்து, முடிந்ததும் உள்ளே விட வேண்டும். கிழிந்த நார்வளையம் ஆறித் தழும்பாக அந்தக் காலம் தேவை. மருந்தால் ஓரிரு நாளில் வலி அடங்கி நாய் உற்சாகமாகத் துள்ளத் தொடங்கும் கட்டம்தான் மிக ஆபத்தானது. வலி போய்விட்டது, கிழிசல் போகவில்லை. மேலே உடற்பயிற்சி பற்றிச் சொன்னவை எவையும் இந்தக் காலத்திற்குப் பொருந்தா.

நடக்க இயலாத நாய்களுக்கு எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. ஸ்கேன் மூலம் இடத்தைக் கண்டறிந்து, எலும்பில் சிறு சாளரம் வெட்டி, பிதுங்கிய பொருளை எடுக்கும் அறுவை பரிந்துரைக்கப்படுகிறது. ஆழ்வலி உணர்வு இருக்கும்போதே அறுவை செய்த நாய்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது மீண்டும் நடக்கின்றன. உணர்வு போன பிறகு செய்தால் அது பாதிக்குச் சற்று மேல் என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. முடங்கிய நாய்க்குச் சிறுநீர்ப்பை தானாக வேலை செய்யாது என்பதால், அதைக் கையால் அழுத்தி வெளியேற்றும் முறையை மருத்துவரிடம் கற்றுக்கொண்டே வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். பல நாய்கள் நடக்கத் தொடங்குவதற்கு வாரங்கள் ஆகலாம். அதற்குப் பிறகு, மருத்துவர் அனுமதித்த அளவில், ஐந்து நிமிட நடையிலிருந்து எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டும்.

குட்டி வாங்கும் முன்

12ஆம் குரோமோசோம் நகல் டாஷ்ஹண்டுகளில் ஏறத்தாழ எல்லாவற்றிலும் இருப்பதால், அந்த இனத்தில் மரபணுச் சோதனை நல்ல குட்டியைப் பிரித்துக்காட்டாது. பயன்படுவது பெற்றோரின் முதுகு எக்ஸ்ரே. கால்சியம் படியும் அளவு பெருமளவுக்குப் பெற்றோரிடமிருந்து வருவது. அதனால் டென்மார்க், பின்லாந்து உள்ளிட்ட நாடுகளில் இனப்பெருக்கத்திற்கு முன் நாயின் முதுகை எக்ஸ்ரே எடுத்து, வெள்ளையாகத் தெரியும் டிஸ்க்குகளை எண்ணும் முறை உண்டு. இதற்கு உரிய வயது 24 முதல் 48 மாதம். அதற்கு முன் எடுத்தால் படிவு முழுமையாகத் தெரியாது. மிகப் பின்னால் எடுத்தால் சில படிவுகள் கரைந்து மறைந்திருக்கும். எண்ணிக்கை குறைவாக உள்ள நாய்களின் குட்டிகளுக்கு ஆபத்து குறைவு. ஐந்தும் அதற்கு மேலும் இருந்தால் அந்த நாயிடமிருந்து குட்டி எடுக்காமலிருப்பது நல்லது. எக்ஸ்ரே எடுக்காத வளர்ப்பாளரிடம், குட்டியின் தாய் தந்தை, அவற்றின் உடன்பிறப்புகள், தாத்தா பாட்டி ஆகியவற்றுள் எவை எந்த வயதில் முதுகு நோயால் படுத்தன என்றாவது கேட்க வேண்டும். பெற்றோர் இருவரும் 2 வயதுக்கும் குறைந்தவை என்றால், "எங்கள் நாய்களுக்கு அந்த நோயே இல்லை" என்ற பதிலை நம்பி வாங்க முடியாது. அந்த நோய் வெளிப்படும் வயதையே அவை இன்னும் எட்டவில்லை.